பனியன் கணக்கும் லினக்ஸ் மின்ட்டும்

விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. எங்கள் வீட்டுக் கணினியும் அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது. புதிது வாங்காமல், எஸ்.எஸ்.டி. என்ற வேகமான டிஸ்க் ஒன்றைப் போட்டு, ராமை 4 ஜிபி ஆக்கி, விண்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸ் வகை இலவச இயங்குதளமான மின்ட்டை நிறுவினேன்: அந்த ஆண்டு வெளியான லினக்ஸ் மின்ட் 20-இன், பழைய கணினிக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. இன்று அதே பெட்டியில் மின்ட் 22 ஓடுகிறது. திருப்பூரில் வீட்டை ஒட்டிச் பனியன் தைக்கும் சிறிய பவர் டேபிள் யூனிட் நடத்துகிறோம். டெய்லர், செக்கிங், கைமடி என்று எல்லாருக்கும் சனிக்கிழமை சம்பளம். அந்தக் கணக்கு, டெலிவரி சலான், அண்ணன் மகளின் பள்ளி வேலை எல்லாம் இந்த ஒரு கணினியில்தான்.

இலவசம் என்பதால் மாறினேன் என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். கடைக்காரர் பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றித் தரும் விண்டோஸுக்கும் இங்கே யாரும் காசு கொடுப்பதில்லையே! எனக்குத் தொந்தரவாக இருந்தது வேறு. லேபிள் அச்சடிக்கும் இடத்துக்குப் போய்வந்த பென் டிரைவைச் செருகினால், கோப்புகளெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கும். ஆளைக் கூப்பிட்டால் ஃபார்மட் செய்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போவார். மின்ட்டில் அந்தப் பென் டிரைவைத் திறந்தால் வைரஸ் கோப்பும் மறைந்திருந்த அசல் கோப்புகளும் பக்கத்துப் பக்கத்தில் தெரிகின்றன. விண்டோஸுக்காக எழுதிய வைரஸ் இங்கே இயங்குவதில்லை. அதை அழித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

லினக்ஸ் வகைகளில் எது நல்லது என்று மாதக்கணக்கில் ஆராய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு அது இரண்டாம் கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது பிரிண்டரை. எங்களிடம் இருந்த மலிவு லேசர் பிரிண்டர் தயாரிப்பாளரின் தனி மென்பொருள் இருந்தால்தான் அசையும். லினக்ஸுக்கு அவர்கள் கொடுத்ததை ஏற்றினால் ஒரு பக்கம் அச்சடித்துவிட்டு அடுத்ததற்கு நின்றுவிடும். சனிக்கிழமை மாலை, சம்பளச் சீட்டுக்கு ஆட்கள் காத்திருக்கும்போது அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதைத் தள்ளிவிட்டு எச்.பி. வாங்கினோம். அந்த நிறுவனமே எச்பிலிப் என்ற திறந்தமூல மென்பொருளை வெளியிடுகிறது. மின்ட்டில் அது முன்பே இருப்பதால் கேபிளைச் செருகியதும் பெயர் வந்துவிட்டது. சில மாடல்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு செருகுநிரல் கேட்கும். இப்போது புதிதாக வாங்குபவர்கள் ஏர்பிரின்ட் வசதி உள்ளதா என்று பார்த்தால் போதும், பெரும்பாலும் டிரைவரே தேவைப்படாது.

சம்பளக் கணக்கு லிப்ரே ஆபிஸ் தொகுப்பில் எக்ஸெல் போன்ற கால்க்கில். நான் பிளஸ் டூவில் படித்தது ஸ்டார் ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருள். அதன் நிரல்மூலத்தை 2000-இல் சன் நிறுவனம் வெளியிட, அது ஓப்பன் ஆபிஸ் ஆயிற்று. 2010-இல் அதிலிருந்து பிரிந்ததுதான் லிப்ரே ஆபிஸ். பழைய வாத்தியாரின் பேரனிடம் பாடம் கேட்பது போல இருந்தது. அண்ணன் மகளுக்கு இன்னும் எளிது. அவளுடைய பிளஸ் ஒன் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸும் ஓப்பன் ஆபிஸும் இருக்கின்றன. "சித்தப்பா, எங்கள் லேபில்கூட இவ்வளவு வேகமாகத் திறக்காது" என்றாள்.

குறையும் உண்டு. ஆர்டர் தரும் பையிங் ஆபிஸிலிருந்து வரும் எக்ஸெல் கோப்பில் மேக்ரோ, அதாவது தானாக வேலை செய்யும் சிறு நிரல், இருந்தால் கால்க் பெரும்பாலும் கையை விரிக்கிறது. அளவுப் பட்டியலில் படங்களும் இடம் மாறி நிற்கும். நாம் அனுப்பும் கோப்புகளை எக்ஸெலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவிலேயே சேமிக்கும்படி அமைப்புகளில் மாற்றிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் எதிர்முனையிலிருந்து போன் வரும். கணக்கு மென்பொருளான டேலி விண்டோஸுக்கு மட்டுமே வருகிறது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் இயக்கும் வைன் மூலம் ஓட்டலாம் என்பார்கள். வரிக் கணக்கில் அந்த விளையாட்டு எனக்கு வேண்டாம். டேலி ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறது, நான் விவரங்களைக் கால்க் கோப்பாக அனுப்பிவிடுகிறேன். ஜிஎஸ்டி தளம் பயர்பாக்ஸில் திறக்கிறது. தனிநபர் நிறுவனம் என்பதால் போனுக்கு வரும் ஓடிபியே கையெழுத்துக்குப் போதும்.

தமிழில் தட்டச்சு செய்வதுதான் நான் எதிர்பாராத சுகம். ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியை நிறுவித் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99 விசைப்பலகை கிடைக்கிறது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுகிறது: ப, க, க, ம, புள்ளி என்று ஐந்தே தட்டலில் 'பக்கம்' வந்துவிடும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகளுக்கு மட்டும் அந்த எழுத்துருவைத் தனியாக நிறுவ வேண்டும். இல்லையென்றால் அம்மன் கோயில் நோட்டீஸ் முழுக்க ஆங்கில எழுத்துகளாக நிற்கும்.

மின்சாரம் பட்டென்று போவது எங்கள் பகுதியில் புதிதில்லை. அப்படி ஒருமுறை அப்டேட் நடக்கும்போதே போய், கணினி பாதியில் நின்றது. மின்ட்டோடு வரும் டைம்ஷிஃப்ட் என்ற மீட்புக் கருவி முந்தைய நாள் நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. ஆனால் டைம்ஷிஃப்ட் காப்பாற்றுவது இயங்குதளத்தைத்தான். நம் சொந்தக் கோப்புகளை அது இயல்பாகத் தொடுவதில்லை. சம்பளக் கணக்கை வாராவாரம் தனி டிஸ்க்கில் நகலெடுக்கிறேன்.

20-இலிருந்து 21, பிறகு 22 என்று இரண்டு பெரிய மேம்படுத்தல்களும் அவர்கள் தரும் கருவியிலேயே முடிந்தன. உல்யானா, வனெசா, வில்மா என்று பதிப்புகளுக்குப் பெண்கள் பெயராக வைப்பது ஏனோ எனக்குப் பிடித்திருக்கிறது. 22-க்கு 2029 வரை ஆதரவு உண்டு.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்தபோது, எம்பிராய்டரி யூனிட் வைத்திருக்கும் மச்சான் தன் கணினிக்கும் மின்ட் போட்டுத் தரச் சொன்னார். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாததால் விண்டோஸ் 11 அதில் ஏறாது. அவர் காசு கொடுத்து வாங்கிய டிசைன் மென்பொருளோ விண்டோஸில் மட்டும்தான் ஓடும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளோடு சேர்ந்து இயங்கும் இங்க்/ஸ்டிட்ச் என்ற இலவச மென்பொருள், எம்பிராய்டரி இயந்திரத்துக்கான டிஎஸ்டி கோப்பைத் தரும்தான். ஆனால் அவரிடம் குவிந்திருக்கும் பழைய டிசைன்களைத் திருத்த அது உதவாது. வேண்டாம் என்றேன். டிசைன் கணினியை இணைய இணைப்பிலிருந்து கழற்றிவிட்டு, பில் போடும் மடிக்கணினியை மட்டும் மின்ட்டுக்கு மாற்றினோம்.