ஆர்ஜி-213 என்று சொல்லித் தந்த கேபிள்

நாலு மாதமாக நான் செய்த அன்டெனாவைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம் அதில் ஒரு குற்றமும் இல்லை. ஹாம் ரேடியோவில் இரண்டு மீட்டர் அலைவரிசையில் பேச ஆசைப்பட்டு, ரேடியோவிலிருந்து அன்டெனாவுக்குப் போகும் கேபிள் வாங்கக் கொழும்புக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் இதை வாசித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

அன்டெனா சின்ன வேலைதான். ஒரு சாக்கெட், ஐந்து பித்தளைக் கம்பி. 145 மெகாஹேர்ட்ஸுக்கு நடுக்கம்பி 49 சென்ரிமீட்டர், கீழே சரித்து வளைத்த நாலும் அதைவிடக் கொஞ்சம் நீளம். ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம், அதாவது வரிசை வீடு, பள்ளத்தில் இருப்பதால் மேட்டில் நிற்கும் யூகலிப்டஸ் மரத்தில்தான் கட்ட முடிந்தது, அதற்கு 25 மீட்டர் கேபிள் வேண்டும். புறக்கோட்டையில் ஒரு கடையில் மீட்டர் 700 ரூபாவுக்கு வாங்கினேன். "ஒரிஜினல் தம்பி, முழுக்கச் செம்பு" என்றார் முதலாளி. மேலுறையிலும் ஆர்ஜி-213 என்று, நான் கேட்ட தடித்த கேபிள் வகையின் பெயர், அழகாக அச்சடித்திருந்தது.

கட்டி முடித்து எஸ்டபிள்யூஆர் பார்த்தால் 1.2. அனுப்பிய அலையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண் அது, ஒன்று என்றால் எதுவும் திரும்பவில்லை, கூடக்கூடத் திரும்புவது அதிகம். அன்றைக்கு எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. ஆனால் பத்து வாட்டில் கூப்பிட்டாலும் எதிர்மலை நண்பருக்கு இரைச்சலுக்குள்தான் என் குரல். மழை, பனிமூட்டம், மரத்து இலை என்று எல்லாவற்றின்மேலும் பழியைப் போட்டு, கம்பியை வேறு இரண்டு தடவை வெட்டி மாற்றினேன்.

அந்த நண்பர்தான் ஒருநாள் தன் நானோவிஎன்ஏயை, அன்டெனா, கேபிள் எல்லாம் அளக்கும் சின்னக் கருவியை, கொண்டுவந்து, அன்டெனாவைக் கழற்றிவிட்டு வெறும் கேபிளை அளந்து பார்த்தார். மறுமுனை திறந்து கிடந்தால் போன அலை முழுக்கத் திரும்பி வரவேண்டும். நல்ல ஆர்ஜி-213 என்றால் 25 மீட்டரில் கேபிள் தின்பது போக எஸ்டபிள்யூஆர் 4 கிட்டக் காட்டும். எனக்கு 1.9. அதாவது ஒரு வழிக்கு 5 டெசிபெல் இழப்பு, பத்து வாட்டில் மூன்றுதான் மரத்துக்குப் போயிருக்கிறது. நான் கொண்டாடிய 1.2 கூட அதனால்தான், திரும்பி வரவேண்டியதையும் சேர்த்துக் கேபிளே தின்றுவிட்டது.

கேபிளை அறுத்துப் பார்த்தோம். அதன் நடுக்கம்பியை பிளேடால் சுரண்டியதும் உள்ளே வெள்ளையாக அலுமினியம். அதைக்கூட மன்னிக்கலாம், இந்த அலைவரிசையில் மின்சாரம் மேலே இருக்கும் செம்புத் தோலில்தான் ஓடும். சுற்றியிருக்கும் பின்னல்தான் மோசம், கொசுவலை மாதிரி இடைவெளி, அதுவும் செம்பில்லை. அப்புறம் சுருளைத் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் போட்டோம். 25 மீட்டர் மூன்றே முக்கால் கிலோ வரவேண்டியது, இரண்டரைகூட இல்லை. மடுவத்தில் பறித்த கொழுந்தின் நிறையில் கிலோ வெட்டுவதைப் பார்த்து வளர்ந்த ஆட்கள் நாம், கொழும்பிலும் போய் அதே வெட்டு வாங்கியிருக்கிறேன்.

கடைக்குக் கோல் எடுத்தால், வெட்டிக் கொடுத்த கேபிளைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். "எங்களுக்கும் அப்படித்தான் வருகிறது" என்று ஒரு பதில் வேறு. வாங்கும்போதே ஒரு சாண் துண்டு கேட்டு அங்கேயே உரித்து, சுரண்டி, பின்னலை விரலால் தள்ளிப் பாருங்கள். உரிக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி எண்ணுக்கு எடுத்துச் சொல்லலாம் என்று பில்லைத் தேடி எடுத்தேன். அதில் "வயர் – 25" என்று மட்டும் எழுதியிருக்கிறது.