அம்மாவின் 47 கிலோ

நாலு வருஷத்துக்குப் பிறகு லண்டனிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். இலங்கையின் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம், அப்புறம் ஆட்டோவில் தேயிலை மலை ஏறினால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயம். இருந்த மூன்று வாரத்தில் பாதி நாள் அம்மாவையும் மாமாவையும் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்ததில் போனது. அம்மாவுக்கு 71, மாமாவுக்கு 74. இரண்டு பேரும் பிரஷர் மாத்திரை எடுக்கிறார்கள்.

முதலில் போனது அவர்கள் வழக்கமாகப் போகிற கிளினிக். விடிய ஐந்து மணிக்கே வரிசை. நம்பர் துண்டு வாங்கி உட்கார்ந்தால், முறை வர பத்தரை மணி ஆனது. அம்மாவை ஸ்வெட்டரோடும் செருப்போடும் தராசில் ஏற்றினார்கள். 48 கிலோ. உயரத்தை அளக்கவே இல்லை, பழைய கிளினிக் கொப்பியில் இருந்த 151 சென்டிமீட்டரைப் பார்த்து எழுதினார்கள். உயரத்துக்கு எடை சரியா என்று காட்டுகிற பி.எம்.ஐ. 21. "உங்களுக்கு வெயிட் பிரச்சினையே இல்ல அம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். மாமாவுக்கு 24.8. "கூட, சோத்தக் குறைங்க" என்றார்கள். ஏற்கெனவே இப்படிச் சொல்லித்தான் இரண்டு மாதமாக ராத்திரிச் சாப்பாட்டை விட்டிருக்கிறார். முன்பெல்லாம் மலைப்படியில் என்னை முந்திப் போகிறவர், இந்த முறை இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அம்மாவோ சந்தோஷமாக வெளியே வந்தார். "தோட்டத்துல வேலைக்குப் பேர் போட்ட காலத்துலயும் 47தான் புள்ள, இப்பவும் ஸ்வெட்டரக் கழட்டினா 47தான். தராசு பொய் சொல்லுமா?" வாழ்நாள் முழுக்கக் கொழுந்தை நிறுத்துச் சம்பளம் வாங்கியவருக்குக் கிலோதான் கணக்கு. ஆனால் அந்த 47 வேறு, இந்த 47 வேறு. அன்றைக்கு இடுப்பைச் சுற்றிப் படங்குத் துணி கட்டி, கூடையைச் சுமந்து, நாள் முழுக்க மலை ஏறி இறங்கிய கால்கள். இன்றைக்கு அந்தத் தசை கரைந்து, அந்த இடத்துக்குக் கொழுப்பு வந்து வயிற்றில் உட்கார்ந்திருக்கிறது. கிலோ மாறவில்லை, உடம்பு மாறிவிட்டது. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்குக் கொழுப்பு தொடை, பிட்டப் பக்கம் சேர்வது குறைந்து வயிற்றுக்கு நகர்கிறது. தொடையில் இருக்கிற கொழுப்பு பெரிய கெடுதல் செய்யாது. ஈரலையும் குடலையும் சுற்றிப் படிகிற கொழுப்புதான் இரத்தத்தில் சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் மூன்றையும் ஏற்றி இதயத்துக்கு வழி போடுகிறது.

அடுத்த வாரம் வேறோர் ஆஸ்பத்திரியில் இருக்கும் ஹெல்தி லைஃப் ஸ்டைல் சென்டருக்குப் போனோம். 2011இலிருந்து அரசாங்கம் நடத்துகிற இலவச நிலையங்கள் இவை. நோய் வந்த பிறகு போகிற இடம் என்று ஊரில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வருவதற்கு முன்னால் பார்ப்பதற்காகவே திறந்தது. அங்கே இருந்த நர்ஸ் மிஸ் தமிழில் பேசினார். அம்மாவை மறைப்புக்குப் பின்னால் கூட்டிப்போய், கொசுவத்தைத் தளர்த்தச் சொல்லி, பாவாடை நாடாவைக் கீழே இறக்கினார். கடைசி விலா எலும்பை ஒரு விரலாலும், இடுப்பு எலும்பின் மேல் விளிம்பை இன்னொரு விரலாலும் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றினார். "வயித்த எக்காதீங்கம்மா, மூச்ச சாதாரணமா விடுங்க" என்று சொல்லி, மூச்சு வெளியேறி முடிந்ததும் படித்தார். 84 சென்டிமீட்டர். நாடா கட்டுகிற இடத்தில் அளந்திருந்தால் வேறு எண் வந்திருக்கும். சேலைக்கு மேலே அளந்திருந்தால் அதுவும் தப்பு. அந்த இரண்டு நிமிஷப் பொறுமைக்காகவே அவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

உயரத்தையும் புதிதாக அளந்தார். 148. முதுகெலும்பு தேய்ந்து மூன்று சென்டிமீட்டர் போயிருக்கிறது.

தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80க்கு மேல், ஆண்களுக்கு 90க்கு மேல் போனால் கவனம் வேண்டும். இன்னும் சுலபமான கணக்கு, இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டல்களை வெளியிடுகிற நைஸ் அமைப்பு 2022இல் சொன்ன வழிகாட்டலும் இதுதான். அம்மாவுக்குப் பாதி 74, இருப்பது 84. மாமாவின் உயரம் 163, பாதி 81.5, அவர் இடுப்பு 80. "வெயிட் கூட" என்று கேட்டுப் பட்டினி கிடந்த மாமா கோட்டுக்குள்ளே, "பிரச்சினையே இல்ல" என்று கேட்டு வந்த அம்மா வெளியே. 52 நாடுகளில் சுமார் 27,000 பேரை வைத்துப் பார்த்த இன்டர்ஹார்ட் ஆய்வும் 2005இல் இதையேதான் சொன்னது: மாரடைப்போடு நெருங்கி நிற்பது பி.எம்.ஐ. அல்ல, இடுப்புக்கும் பிட்டத்துக்கும் உள்ள விகிதம். அம்மாவுக்குப் பிட்டம் 92, விகிதம் 0.91. பெண்களுக்கு 0.85க்குக் கீழே இருப்பது நல்லது.

அதற்காக மாமா தப்பித்துவிட்டார் என்று சொல்லவில்லை. பிரஷரும் வெற்றிலையோடு போடுகிற புகையிலையும் அப்படியே இருக்கின்றன. மிஸ் அதை நேராகவே சொன்னார். ராத்திரிச் சாப்பாட்டை விடக்கூடாது, பருப்பு, முட்டை சேர்க்க வேண்டும், இந்த வயதில் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் போகும் என்றார். அம்மாவுக்கு வந்த அறிவுரை வேறு: பிளேன்டீக்குச் சீனியை விடுவது, இரண்டு வேளை கோதுமை மா ரொட்டியில் ஒரு வேளையைக் குறைப்பது, தினமும் நடப்பது, நாற்காலியில் கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருவது. சீனியும் கொலஸ்ட்ரோலும் பார்க்க இரத்தம் எடுத்தார்கள்.

இதய ஆபத்தைக் கணக்குப் போடுகிற உலக சுகாதார நிறுவனத்தின் அட்டையில் வயது, பிரஷர், புகைப்பழக்கம், சீனி, கொலஸ்ட்ரோல் எல்லாம் உண்டு, இரத்தப் பரிசோதனை இல்லாத அட்டையில் பி.எம்.ஐ.யும் உண்டு. இடுப்புக்குக் கட்டம் இல்லை. அதனால் பல இடங்களில் நாமே கேட்டால்தான் அளப்பார்கள். ஊருக்குப் போகிறவர்கள் பெற்றோரோடு கிளினிக்குப் போனால் தயங்காமல் கேளுங்கள்.

ஹட்டன் பார்மசியில் கொழுப்புச் சதவீதம் காட்டுகிற தராசிலும் அம்மாவை ஏற்றிப் பார்த்தேன். காலையில் 36, மாலையில் 33. உடம்பில் இருக்கிற தண்ணீரைப் பொறுத்து எண் மாறும் என்பதால் அதை நம்பிப் பயனில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் தையல் டேப் ஒன்று வாங்கிவந்தேன். அம்மாவின் விரலைப் பிடித்து விலா எலும்பையும் இடுப்பு எலும்பையும் தொட்டுக் காட்டினேன். லயத்தில் பக்கத்து அறையான காம்பராவிலிருந்து மூன்று பேர் வந்து, தங்களுக்கும் அளக்கச் சொன்னார்கள். கிளினிக் கொப்பியின் பின்அட்டையில் எல்லோருடைய எண்ணையும் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த கிளினிக் திகதிக்கு அம்மா அதை மிஸ்ஸிடம் காட்டுவார்.