அலர்ஜியும் பவுடர் பாலும்: எந்த டப்பா எதற்கு?

மும்பையில் தாராவியிலும் மாட்டுங்காவிலும் கைக்குழந்தை உள்ள வீடுகளில் பவுடர் பால் பேச்சு வந்தால், இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அலர்ஜி வராமல் தடுப்பது எது? வந்த அலர்ஜிக்கு எது? இரண்டுக்கும் டப்பா வேறு.

முதலில் தடுப்பு. சாதாரணப் பவுடரில் பசும்பால் புரதம் முழுசாக இருக்கிறது. 'எச்ஏ' (ஹைபோஅலர்ஜெனிக், அலர்ஜி குறைவானது) என்று எழுதிய டப்பாவில் அதைப் பாதி உடைத்திருப்பார்கள், விலையும் கூடுதல். அப்பாவுக்கு ஆஸ்துமா, அக்காவுக்குக் கரப்பான் (அரிப்புத் தோல் நோய்) என்றிருக்கும் குடும்பங்கள் இதைத்தான் தேடி வாங்குகின்றன. ஆனால் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2016இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த அலசல், இது அலர்ஜியைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றது. 2019இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் அதையே சொன்னது. தடுப்புக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

பிராண்டைவிட முதல் சில நாட்கள்தான் முக்கியம் என்பது என் கருத்து. பிறந்த முதல் மூன்று நாளாவது பசும்பால் பவுடரைத் தவிர்த்த குழந்தைகளுக்குப் பால் அலர்ஜி குறைவாக வந்ததாக 2019இல் ஒரு ஜப்பானிய ஆய்வு காட்டியது. முதல் வாரம் தவிர்க்கலாம் என்று ஐரோப்பிய வல்லுநர்களும் 2020இல் பரிந்துரைத்தார்கள். அதனால் 'பால் ஊறும்வரை ஒரு புட்டி' என்று யாராவது சொன்னால், சீம்பாலைப் பீய்ச்சிக் கொடுக்க முடியுமா என்று நர்ஸிடம் முதலில் கேளுங்கள். சயான் மருத்துவமனையில் 1989இலேயே ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கியது. ஆனால் அங்கே தானமாக வரும் பால் குறைமாதக் குழந்தைகளுக்கும் நோயுற்ற குழந்தைகளுக்கும்தான் முதலில் போகும். ஒன்று மட்டும்: ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது, எடை ரொம்பக் குறைகிறது என்று டாக்டர் பவுடர் கொடுக்கச் சொன்னால் மறுக்கவே கூடாது.

சரி, அலர்ஜி வந்தே விட்டால்? இங்கே எச்ஏ உதவாது. மிச்சமிருக்கும் புரதத் துண்டுகளே போதும், உடம்பு சிலிர்த்துக்கொள்ள. புரதத்தை மிகப் பொடியாக உடைத்த, 'எக்ஸ்டென்சிவ்லி ஹைட்ரலைஸ்டு' வகைதான் முதல் தேர்வு; பத்தில் ஒன்பது குழந்தைகளுக்குச் சேரும். கசப்பு, ஒரு மாதிரி வாடை, குழந்தை முதலில் துப்பும். அதுவும் ஒத்துக்கொள்ளாதபோதும், கடும் அலர்ஜி கண்டபோதும் அமினோ அமிலப் பவுடர், அதாவது புரதத்தை அதன் அடிப்படைத் துண்டுகள்வரை பிரித்தது. விலை பல மடங்கு, தேவையில்லாமல் வேண்டாம். சோயா மலிவு, ருசியும் பரவாயில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம் என்கிறார்கள், பால் ஒவ்வாத சிலருக்குச் சோயாவும் ஒவ்வாது.

ஆட்டுப்பாலும் தபேலா (மாட்டுத் தொழுவம்) எருமைப்பாலும் மாற்றே இல்லை. புரதங்கள் கிட்டத்தட்ட ஒன்று. லாக்டோஸ் இல்லாத பவுடரும் அப்படித்தான்: சர்க்கரையை எடுத்திருக்கிறார்கள், புரதம் அங்கேயே இருக்கிறது.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அலர்ஜி என்றால் பாலூட்டுவதை நிறுத்த வேண்டாம். டாக்டர் சொன்னால் அம்மா தன் சாப்பாட்டில் பால், தயிர், பனீரை விட்டு, கால்சியம் மாத்திரை எடுத்தால் போதும்.

பால் குடித்த சற்று நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் என்றால் உடனே ஆஸ்பத்திரி. மலத்தில் ரத்தம், தீராத கரப்பான் என்றால் டாக்டர் இரண்டு முதல் நான்கு வாரம் பசும்பால் புரதத்தை நிறுத்திப் பார்த்து, மறுபடி கொடுத்து உறுதி செய்வார். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வருடங்களில் இது தானே போய்விடும். மறுபடி எப்போது பசும்பால் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் கேளுங்கள்.