லொக்பிரேம் அட்டவணை: பல வருடப் பாவனைக்குப் பிறகு

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இயங்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் நிதி கேட்டு முன்மொழிவு எழுதுவது என் வேலை. இத்தனை வருடத்தில் எத்தனையோ டெம்ப்ளேட் வந்து போய்விட்டன, நான் விடாமல் பாவிப்பது லொக்பிரேம் என்ற திட்ட அட்டவணை ஒன்றைத்தான். டொனர், அதாவது நிதி தருபவர், கேட்டாலும் கேட்காவிட்டாலும் முதலில் அதைப் போட்டுவிட்டுத்தான் மற்றதை எழுதத் தொடங்குவேன். நம் துறையில் இதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். வெளிநாட்டுக்காரர் நம் தலையில் கட்டிய சுமை என்பார்கள், இல்லாவிட்டால் கட்டங்களைச் சரியாக நிரப்பினால் காசு வந்துவிடும் என்பார்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1969இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூ.எஸ்.எயிட்டுக்காக உருவாக்கப்பட்ட அட்டவணை இது. மேலிருந்து கீழே நீண்டகால இலக்கு, நோக்கம், வெளியீடுகள், செயற்பாடுகள். குறுக்கே விபரம், குறிகாட்டி (வெற்றியை எதை வைத்து அளப்பது), அதை எதை வைத்து உறுதிப்படுத்துவது, கடைசியாக அனுமானங்கள், அதாவது நம் கையில் இல்லாத, ஆனால் திட்டம் நடக்க இருந்தே ஆக வேண்டிய நிலைமைகள். 1980களில் ஜேர்மனியின் அபிவிருத்தி உதவி நிறுவனமான ஜி.டி.இசட் இதை எடுத்து, சம்பந்தப்பட்ட மக்களையே உட்காரவைத்துப் பிரச்சினை மரம் (காரணங்களையும் விளைவுகளையும் மரம்போலக் காட்டும் படம்) வரைந்து திட்டமிடும் முறையாக வளர்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவிக்கான முழு விண்ணப்பத்தில் இன்றும் லொக்பிரேம் கட்டாயம். யூ.எஸ்.எயிட்டின் வேலைகள் 2025 ஜூலையோடு நின்றுபோயின, அட்டவணை மட்டும் பலருடைய படிவத்திலும் இருக்கிறது.

என் அனுபவத்தில் இதன் பெறுமதி முழுக்க அந்த நான்காவது நிரலில், அனுமானங்களில்தான் இருக்கிறது. பலர் அங்கே ‘அரசியல் நிலைமை சீராக இருக்கும்’, ‘சமூகம் ஒத்துழைக்கும்’ என்று எழுதிவிட்டு எழும்பிவிடுவார்கள். மட்டக்குளிப் பக்கம் பெண் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்த ஒரு முன்மொழிவு தயாரித்தபோது நாங்கள் தாய்மாரைக் கூப்பிட்டு, ஒரு பெரிய தாளைச் சுவரில் ஒட்டி, ‘இந்த வகுப்பு நடக்காமல் போவதென்றால் எதனால் போகும்?’ என்று மட்டும் கேட்டோம். ஒரு அம்மா எழும்பி, “ஆறு மணிக்கு முடிஞ்சா அனுப்புவேன் மிஸ், ஏழு மணின்னா முடியாது. ரோட்டுல லைட் இல்ல” என்றார். அவ்வளவுதான், செயற்பாட்டு வரியில் வகுப்பு நேரம் மூன்றரைக்கு மாறியது, ‘பிள்ளைகள் இருட்டுமுன் வீடு சேர்வார்கள்’ என்பது அனுமானமானது, வருகைப் பதிவேட்டில் வீடு திரும்பும் நேரத்துக்கும் ஒரு கட்டம் சேர்ந்தது. அந்த ஒரு வசனம் வராமல் இருந்திருந்தால் எண்பது வீத வருகை என்ற குறிகாட்டி வெறும் ஆசையாகவே இருந்திருக்கும்.

2022இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியின்போது இந்த நிரல் எங்களை உண்மையாகவே காப்பாற்றியது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது, பெற்றோலுக்கு வரிசை, மின்வெட்டு, ஜூனில் கொழும்புப் பாடசாலைகளும் மூடப்பட்டன. டொலரில் ஒப்பந்தம் போட்டிருந்தவர்களுக்கு ரூபாய்க் கணக்கில் பணம் கூடியது, ஆனால் கொப்பி முதல் சாப்பாட்டுப் பார்சல் வரை விலையும் சேர்ந்தே ஏறியது. ரூபாயில் போட்டிருந்தவர்களின் பாடுதான் பெரும்பாடு. எங்கள் அட்டவணையில் ‘ரூபாயின் பெறுமதி பெரிதாக மாறாது’, ‘பாடசாலைகள் வழமைபோல் இயங்கும்’, ‘பஸ் ஓடும்’ என்று தெளிவாக எழுதியிருந்தோம். அதனால் திட்டத்தை மாற்றக் கேட்டு அனுப்பிய கடிதத்தில் நீங்கள் கையெழுத்திட்ட ஆவணத்தில் இருக்கும் இன்ன இன்ன அனுமானங்கள் முறிந்துவிட்டன என்று நேரடியாகச் சொல்ல முடிந்தது. கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது பட்ஜெட். ஒவ்வொரு செயற்பாட்டுக்கும் 1.1, 1.2 என்று இலக்கம் போட்டு, அதே இலக்கத்தைப் பட்ஜெட்டின் ஒவ்வொரு வரியிலும் போடுங்கள். கூகுள் ஷீட்ஸில் லொக்பிரேம், வேலைத்திட்டம், பட்ஜெட் மூன்றையும் ஒரே கோப்பில் தனித்தனித் தாளாக வைத்தால் போதும், காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் ஒரு சிறிய நிறுவனத்துக்குத் தேவையே இல்லை. இலக்கம் இல்லாத செலவு வரி ஒன்று இருந்தால், ஒன்றில் அதற்கான செயற்பாட்டை எழுத விட்டுப்போயிருக்கும், அல்லது அந்தச் செலவே தேவையில்லாததாக இருக்கும். மதிப்பீடு செய்பவர் கண்டுபிடிக்க முன்னர் நாமே கண்டுபிடித்துவிடலாம். அலுவலக வாடகை, கணக்காளர் சம்பளம் போன்ற நிர்வாகச் செலவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரடிச் செலவின் 7 வீதம்தான் உச்சம், அதையும் முதலிலேயே கணக்கில் எடுங்கள். வெளிக்களத்தில் இருந்து வரும் குறிப்புகள் யுனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருவான பாமினியில் தட்டப்பட்டிருந்தால் ஷீட்ஸில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து விழும், யுனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. மிகப் பெரியது, எண்ணக்கூடியதையே எண்ண வைக்கும் புத்தி. பயிற்சிக்கு வந்தவர்களின் தொகை எளிதில் கட்டத்துக்குள் வந்துவிடும். புருஷனிடம் அடி வாங்கிய ஒரு பெண் முதன்முறையாகப் பொலிஸுக்குத் தனியாகப் போய் முறைப்பாடு போட்டது எந்தக் கட்டத்துக்குள்ளும் வராது, அதை விவரணப் பகுதியில்தான் எழுத வேண்டும், அதற்கு இடம் தராத படிவங்கள் மீது எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. தொடக்கநிலைத் தரவு (திட்டம் தொடங்கமுன் இருந்த நிலைமையின் அளவு) இல்லாமல் ‘30 வீதம் அதிகரிக்கும்’ என்று எழுதுவதையும் இந்த அட்டவணை தடுக்காது. அந்தத் தரவைச் சேகரிக்கவும் காசு வேண்டும், ஆகவே அதையும் ஒரு செயற்பாடாக 1.1 என்று போட்டுச் செலவைக் கேளுங்கள், வெட்கப்படத் தேவையில்லை.

மொழி இன்னொரு சிக்கல். விண்ணப்பம் பெரும்பாலும் ஆங்கிலத்தில், கூட்டம் தமிழிலும் சிங்களத்திலும். நாங்கள் தமிழில் நிரப்பி, வெளிக்கள உத்தியோகத்தர்களிடம் வாசித்துக் காட்டிய பிறகுதான் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறோம். வேலை இரட்டிப்பாகும், ஆனால் ஆறு மாதத்துக்குப் பிறகு அறிக்கை எழுதும்போது ‘இது என்ன குறிகாட்டி?’ என்று யாரும் முழிப்பதில்லை.

எல்லா இடத்துக்கும் இது முழுசாகத் தேவையா என்றால், இல்லை. ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட உதவித் திட்டம் போன்றவை கட்டடம், உபகரணம் பக்கம்தான் நிற்கும், சம்பளத்துக்குத் தராது. அங்கே விலைமனுக்களும் காணி உறுதியும்தான் பேசும், அட்டவணை ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தொண்டு நிறுவனங்களைப் பதிவு செய்யும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான பதிவோ கணக்காய்வு அறிக்கையோ இன்னும் கைக்கு வராத சங்கம் என்றால் லொக்பிரேமை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் அந்த வேலையை முடியுங்கள். மற்றபடி இரண்டு வருடத்துக்கு மேல் ஓடும் திட்டம், கூட்டாளி நிறுவனங்கள் இரண்டு மூன்று சேர்ந்து போடும் விண்ணப்பம் என்றால் நான் இதை விட்டு வேறொன்றுக்குப் போகமாட்டேன். யார் எதற்குப் பொறுப்பு என்ற சண்டை அதில்தான் முதலில் வெளியே வரும், ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் வந்தால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.