தோட்டத்துக் கணினி வகுப்புக்குக் கொள்கைக்காரரா, தொழில்காரரா?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கற்றுக்கொடுக்க வருகிறவர்கள் இரண்டு வகை. ஒருவர் கொள்கைக்காரர், 1985இல் ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் வழி, மென்பொருள் எழுதப்பட்ட மூலநிரலை யாரும் பார்த்து மாற்ற முடியாதபடி மூடியிருந்தால், வைஃபை சிப்பை இயக்கும் ஃபர்ம்வேர் என்கிற சின்ன நிரலைக்கூடத் தொடமாட்டார். மற்றவர் தொழில்காரர், 1998இல் கிளம்பிய ஓப்பன் சோர்ஸ் இயக்கத்து ஆள். அரசியல் பேசாமல் வேலையை முடித்துவிட்டுப் போவார்.

வேலை என்று பார்த்தால் இரண்டாமவர்தான். மூடிய நிரல் எதையும் சேர்க்காத ட்ரிஸ்குவெல் என்கிற லினக்ஸைப் போட்ட மெஷினில் வைஃபை சிப் வேலை செய்யாவிட்டால் இன்டர்நெட்டுக்கு ஃபோனை யூஎஸ்பி வயரில் மாட்டி வைத்துத்தான் பாடம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில் இருப்பதோ ஒரே ஃபோன். கட்டற்ற மென்பொருளில் பிடிவாதமான டெபியன் என்கிற லினக்ஸ் குழுவே 2022இல் வாக்கெடுத்து, மூடிய ஃபர்ம்வேரை இன்ஸ்டாலரில் சேர்க்கச் சம்மதித்துவிட்டது.

ஆனால் "விண்டோஸ் இருக்கும்போது இது எதுக்கு சேர்?" என்று பிள்ளை கேட்டால், தொழில்காரரிடம் "இது இலவசம்" என்பதைத் தாண்டிப் பதில் இல்லை. விண்டோஸின் திருட்டுக் கொப்பியும் இங்கே இலவசம்தானே! கொள்கைக்காரர் கதையே சொல்வார்: கடிதமும் கணக்கும் அடிக்கும் ஓப்பன் ஆபிஸ், ஆரக்கிள் கம்பெனி கைக்குப் போனதும், நிரலை எடுத்து மாற்ற உரிமம் இடம் கொடுத்ததால் 2010இல் ஆட்கள் பிரிந்துபோய் அதிலிருந்து லிப்ரே ஆபிஸ் செய்தார்கள்.

அப்புறம் தொழில்காரர் அரசியல் பேசாமல் காட்டும் நடுநிலையைப் பற்றி ஒன்று. மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம் என்பது கொள்கைக்காரர்களின் பட்டியலிலேயே முதல் சுதந்திரம். தோட்டத்து ஆபிஸின் சம்பளப் பட்டியலையும் அதை எதிர்க்கும் சங்கத்தின் நோட்டீஸையும் ஒரே லிப்ரே ஆபிஸில் அடிக்கலாம், யாரும் தடுக்க முடியாது.

என் ஓட்டு கொள்கைக்காரருக்கு. ஃபர்ம்வேரை மட்டும் அவர் வருமுன் போட்டுவைத்துவிட வேண்டும்.