ஃபெம் 4.2: கால்வாசி மாடல் வரைந்து முழு விடை எடுப்பது, நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

காந்தப்புலக் கணக்குக்கு டேவிட் மீக்கரின் ஃபெம் (FEMM) மென்பொருள் இலவசம், சிறியது, பழைய லேப்டாப்பிலும் தடையில்லாமல் ஓடும். சமச்சீரான பொருளில் ஒரு பகுதியை மட்டும் வரைந்தால் போதும், ஆனால் அதற்கு 'சிமெட்ரி' என்று அழுத்த ஒரு பட்டன் அதில் கிடையாது. எங்கே வெட்டுவது, வெட்டிய விளிம்பில் என்ன பவுண்டரி (எல்லை நிபந்தனை) கொடுப்பது, விடையை எத்தனையால் பெருக்குவது என்பதெல்லாம் நம் தலையில்தான்.

விதி எளிது. வெட்டுக்கோட்டைக் கண்ணாடியாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்துக் காயிலில் கரண்ட் எதிர்த்திசையில் ஓடினால் ஃபிளக்ஸ் (காந்தப்பாயம்) அந்த வெட்டுக்கோட்டை ஒட்டியே போகும். அங்கே 'பிரிஸ்கிரைப்டு ஏ' (ஏ என்பது காந்த வெக்டர் பொட்டென்ஷியல்) எடுத்து எல்லா மதிப்பும் 0. அதே திசையில் ஓடினால் ஃபிளக்ஸ் செங்குத்தாகக் கடக்கும். அந்தக் கோட்டில் எதுவும் கொடுக்க வேண்டாம். ஃபெம் எதுவும் கொடுக்காத விளிம்பை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. வெளிக்காற்றின் எல்லைக்கும் ஏ=0 கொடுக்க மறந்துவிட்டால் அதுவும் செங்குத்து விளிம்பாகிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது.

நடுக்காலில் 1 மி.மீ. இடைவெளியும் 40 சுற்றும் உள்ள ஈ-ஈ கோர் (இரண்டு E வடிவத் துண்டுகள் எதிரெதிரே சேர்ந்தது) இண்டக்டரை எடுத்துக்கொள்வோம். நிலைக்குத்து மையக்கோட்டில் ஏ=0, கிடைமட்ட மையக்கோடு வெறுமை. கால்வாசி வரையும்போது இடைவெளி 0.5 மி.மீ. என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். சுற்றுதான் தவறும். காயில் ஜன்னலும் குறுக்கே பாதியாக வெட்டுப்பட்டிருப்பதால் அந்தப் பரப்பின் பண்புகளைச் சொல்லும் பிளாக் லேபிளில் 20 சுற்று போட வேண்டும், கரண்ட் மாறாது. சர்க்யூட் பட்டியலில் வரும் ஃபிளக்ஸ் லிங்கேஜை (சுற்றுகளோடு பிணையும் மொத்த ஃபிளக்ஸ்) 4-ஆல் பெருக்கிக் கரண்டால் வகுத்தால் இண்டக்டன்ஸ். 40 என்றே விட்டால் ஃபிளக்ஸ் அடர்த்தி இரட்டிக்கும், கோர் சாச்சுரேட் ஆகாதவரை இண்டக்டன்ஸ் நான்கு மடங்காக வந்து நிற்கும்.

ரீஜன்களைப் பொறுத்தவரை, மூடிய ஒவ்வொரு பரப்புக்கும் ஒரு பிளாக் லேபிள். ஒன்று விடுபட்டாலும் ஓடாது. மெஷ் (பரப்பைச் சிறு முக்கோண எலிமென்ட்களாகப் பிரிக்கும் வலை) பட்டனை அழுத்தினால் எந்த இடம் என்று காட்டிவிடும். டிஎக்ஸ்எஃப் (CAD) வரைபடத்தை உள்ளே இழுக்கும்போது முனைகள் மயிரிழை விலகி நிற்பதுதான் பெரும் தொல்லை. பரப்பு மூடாது, அல்லது அந்த ஊசி இடுக்கில் ஆயிரக்கணக்கில் எலிமென்ட் குவியும். டேப் விசையை அழுத்தி ஆயத்தொலைவைக் கையால் கொடுப்பது நிம்மதி. புதிய கோப்பில் அலகு அங்குலம், ஆழம் 1. இரண்டையும் முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

மோட்டாருக்கு வந்தால் கண்ணாடி வெட்டு உதவாது. லோடு கரண்ட் ஃபிளக்ஸை ஒருபக்கம் சாய்த்துவிடும். மிஞ்சுவது சுழற்சி ஒழுங்கு மட்டும். 4 போல் (காந்த முனை), 36 ஸ்லாட் (காயில் வைக்கும் பள்ளம்) என்றால் 90 பாகை, 9 ஸ்லாட், ஆண்டி-பீரியாடிக் (இரண்டு வெட்டு விளிம்பிலும் ஏ ஒரே அளவு, எதிர்க்குறி). வெட்டிய பகுதியில் போல் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் ஆண்டி, இரட்டைப்படை என்றால் வெறும் பீரியாடிக். 12 ஸ்லாட், 10 போல் பாதியோடு நின்றுவிடும். 9 ஸ்லாட், 8 போலுக்கு முழுதாக வரைவதைத் தவிர வழியில்லை.

ஸ்லாட்டை வெட்டாமல் பல்லின் நடுவே வெட்டினால் சுற்றுத் தொல்லை இல்லை. ஆர விளிம்பில் ஷாஃப்ட், ரோட்டர், காற்றிடைவெளி, ஸ்டேட்டர் ஒவ்வொன்றின் ஜோடிக்கும் தனித்தனிப் பெயரில் ஒரு பவுண்டரி வேண்டும். ஒரே பெயர் இரண்டு துண்டுக்கு மேல் போகக் கூடாது, இரண்டும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும்.

ரோட்டரைச் சுழற்ற ஆண்டி-பீரியாடிக் ஏர் கேப் பவுண்டரி அருமை. காற்றிடைவெளியின் உள், வெளி இரண்டு வில்லுக்கும் அதைக் கொடுத்து, நடுவில் 'நோ மெஷ்' லேபிள் வைத்தால் கோணத்தை மட்டும் மாற்றினால் போதும், மறுபடி மெஷ் தேவையில்லை. இதில் கவனம்: ஃபெம்முக்குள் உள்ள லுவா ஸ்கிரிப்ட் மொழியின் கேப் இன்டெக்ரல் 360 பாகைக்குமான டார்க்கையே (முறுக்குவிசை) தருகிறது. பழக்கதோஷத்தில் 4-ஆல் பெருக்காதீர்கள். டார்க்கைக் கணக்கிடும் இன்னொரு வழியான ஸ்ட்ரெஸ் டென்சர் இன்டெக்ரலுக்கு மட்டும் பெருக்க வேண்டும்.