லிக்கி ஏற்றத்து எஞ்சின்கள்: எந்த ஆவணம் எதற்கு உதவும்?

இங்கிலாந்தில் பர்மிங்காமுக்குத் தென்மேற்கே இருக்கிறது லிக்கி ஏற்றம். இரண்டு மைல் தூரம், 37.7 அடிக்கு ஓர் அடி உயரும் பாதை. ரயிலைப் பின்னாலிருந்து தள்ளிவிடவே அங்கு எஞ்சின்கள் வைத்திருந்தார்கள். ஒரே இடத்தில் உழைத்த எஞ்சின்தானே, கதி என்னவானது என்று கண்டுபிடிப்பது சுலபம் என்று தோன்றும். ஆனால் 1840-களின் எஞ்சினுக்கு உதவும் ஆவணம் வேறு, 1919-ன் எஞ்சினுக்கு உதவுவது வேறு.

முதலில் பழசு. பர்மிங்காம் அண்ட் க்ளோஸ்டர் ரயில்வே அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து நோரிஸ் எஞ்சின்களை வரவழைத்தது. அதே மாதிரியில் இங்கிலாந்தின் நாஸ்மித்தும் ஹிக்கும் கட்டிக் கொடுத்தார்கள். ஆகவே பதிவேட்டில் ‘நோரிஸ்’ என்றிருந்தால் அது வடிவத்தின் பெயராகவும் இருக்கலாம். கட்டியவர் யார் என்பதற்குத் தொழிற்சாலைப் பட்டியல்தான் சாட்சி. ஆனால் எஞ்சின் வாசலைத் தாண்டியதும் பட்டியல் வாயை மூடிக்கொள்ளும். விற்றார்களா, உடைத்தார்களா என்பதற்கு இயக்குநர் குழுக் குறிப்புகளையும் அரையாண்டுக் கணக்கையும்தான் புரட்ட வேண்டும்.

1846-ல் மிட்லண்ட் ரயில்வே அந்தக் கம்பெனியை விழுங்கியதும் எண்கள் மாறின. பழைய எஞ்சினையும் புதிய எண்ணையும் இணைக்க அளவுகளை ஒப்பிடுவார்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சிலிண்டரைத் திரும்பக் கடைந்தால் விட்டம் கூடும். சக்கரப் பட்டை தேயத் தேய விட்டம் குறையும். ஸ்ட்ரோக் நீளத்தை, அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரத்தை, கிராங்க் தீர்மானிப்பதால் அது அப்படியே நிற்கும். ஸ்ட்ரோக்கிலிருந்து தொடங்குங்கள்.

கல்வெட்டுக்கூட ஏமாற்றும். 1840 நவம்பர் 10 அன்று பிராம்ஸ்க்ரோவில் பாய்லர் வெடித்து ஸ்கேஃப், ரதர்ஃபோர்ட் என்ற ரயில்வே ஊழியர்கள் இருவரும் இறந்தார்கள். அவர்கள் கல்லறையில் செதுக்கியிருப்பது நோரிஸ் எஞ்சின். வெடித்ததோ ‘சர்ப்ரைஸ்’ என்ற வேறொன்று.

கணக்குப் புத்தகத்தில் ‘புதுப்பித்தது’ என்ற சொல்லைக் கண்டால் உஷார். புது எஞ்சின் வாங்கிப் பழசின் எண்ணை அதற்குச் சூட்டியிருப்பார்கள். பழசு, எண்ணோடு ‘ஏ’ ஒட்டிக்கொண்டு உபரிப் பட்டியலுக்குப் போய், கணக்கில் மதிப்பிழந்தும் தண்டவாளத்தில் ஓடும். ‘நீக்கம்’ என்ற தேதியை உடைத்த தேதியாக எழுதிவிடாதீர்கள்.

1919-ல் டெர்பியில் கட்டிய பத்துச் சக்கர ‘பிக் பெர்த்தா’வுக்கு எஞ்சின் அட்டையே, அதாவது ஒவ்வொரு எஞ்சினுக்கும் ரயில்வே எழுதி வைத்த வரலாற்று அட்டையே, மேல். எந்த ஷெட்டில் (எஞ்சின் நிறுத்தும் கொட்டகை) இருந்தது, ஒர்க்‌ஷாப்புக்குள் போன தேதி, வந்த தேதி எல்லாம் அதில் பார்க்கலாம். ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் நாளைக் குறைக்க அதற்கு உபரி பாய்லர் ஒன்று வைத்திருந்தார்கள். அதனால் பாய்லர் எண்ணை வைத்து எஞ்சினை அடையாளம் சொல்ல முடியாது. எஞ்சின் எண்ணும் 2290, 1947-ல் 22290, பிறகு 58100 என்று மாறியது. விட்டுப்போன 2290 புதிய ஃபேர்பர்ன் டேங்க் எஞ்சினுக்குப் போனது. தேதியில்லாத படத்தில் 2290 என்று தெரிந்தால் சக்கரத்தை எண்ணுங்கள்: சக்கரங்களைப் பிணைக்கும் இணைத்தண்டில் ஒரு பக்கத்துக்கு ஐந்து என்றால் பெர்த்தா, மூன்று என்றால் ஃபேர்பர்ன். பெர்த்தா 1956 மே மாதம் பணியிலிருந்து நீக்கப்பட்டது. டெர்பியில் உடைத்தது 1957-ல்.